வயலிலும் சந்தையிலும் நோயைத் தேடியவர்

வீட்டில் ஒருவர் காய்ச்சலென்று படுத்துவிட்டால் நம் கண்கள் யாவும் அவருடைய கட்டிலையே சுற்றி நிற்கும். நெற்றியைத் தொட்டுப் பார்ப்போம், கொத்தமல்லி அவித்துக் கொடுப்போம், வைத்தியரை நாடுவோம். இவையெல்லாம் செய்ய வேண்டியனவே. ஆயினும் நோய் கட்டிலிற் பிறப்பதில்லை. வயலோரத்து நீரிலிருந்தோ, பட்டியில் நிற்கும் விலங்கிலிருந்தோ, சந்தைக் கூட்டிலுள்ள கோழியிலிருந்தோ, சுவருக்குள் மறைந்து செல்லும் கழிவுநீர்க் குழாயிலிருந்தோ புறப்பட்டு அது நம் வாசலை அடைகிறது. அது வந்த வழியே பின்னோக்கி நடந்து அதன் பிறப்பிடத்தைத் தேடுவதையே வாழ்நாட் பணியாகக் கொண்ட ஓர் அறிஞரைப் பற்றி இவ்வாரம் நேயர்களுக்குக் கூற விரும்புகிறோம். அவர் நமது கண்டி நகரிற் பிறந்தவர் என்பது நமக்கு மேலும் மகிழ்ச்சி தருவதாகும்.

கண்டியில் ஒரு தொடக்கம்

மலிக் பீரிஸ் என்னும் பெயரை மருத்துவ உலகம் நன்கறியும். நம் இல்லங்களில் அப்பெயர் அத்துணைப் பழக்கமானதன்று. 1949 ஆம் ஆண்டிற் கண்டியிற் பிறந்த அவர், மகாவலி கங்கைக்கரையில் கட்டுகஸ்தோட்டையில் உள்ள புனித அந்தோனியார் கல்லூரியிற் கற்றார். மேற்படிப்புக்காக அவர் நெடுந்தூரம் செல்ல வேண்டியிருக்கவில்லை. இலங்கையின் இரண்டாவது மருத்துவ பீடம் 1962 ஆம் ஆண்டிற் பேராதனையில் தொடங்கப்பெற்றிருந்தது. கொழும்புக்குப் போகாமலே மலைநாட்டு மாணவன் ஒருவன் வைத்தியனாகலாம் என்ற நிலை தோன்றிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அப்பீடத்திலே பயின்று 1972 ஆம் ஆண்டில் அவர் பட்டம் பெற்றார்.

வைத்தியப் பட்டம் பெற்றோரிற் பெரும்பாலோர் நோயாளரைப் பார்க்கும் தொழிலையே நாடுவர். அதிற் பொருளும் உண்டு. ஊரார் மதிப்பும் உண்டு. ஆய்வுகூடத்திற் கண்ணாடிக் குழாய்களோடு காலங் கழிப்பவனை யார் அறிவார்? பீரிஸ் இந்த இரண்டாவது வழியையே தெரிந்துகொண்டார். 1977 ஆம் ஆண்டிற் பொதுநலவாயப் புலமைப்பரிசில் பெற்று ஒக்ஸ்போர்ட் சர்வகலாசாலைக்குச் சென்று, அங்கே வைரசுகளை ஆராயத் தொடங்கினார். வைரசு என்பது பற்றீரியாவினும் மிகச் சிறியது. சாதாரண நுணுக்குக்காட்டிக்கும் அது புலனாகாது. தனித்து நின்று பெருகும் ஆற்றல் அதற்கு இல்லை. வேறோர் உயிரின் கலத்தினுட் புகுந்தே பெருகும்.

காவலன் கைபற்றி நுழையும் கள்வன்

ஒக்ஸ்போர்டில் அவர் எடுத்துக்கொண்ட வினா, இன்று கண்டியிலும் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் தாய்மாரைக் கலங்கவைக்கும் டெங்குக் காய்ச்சலோடு தொடர்புடையது. ஒருமுறை அம்மை கண்டவருக்கு அந்நோய் மீண்டும் வருவது அரிது. உடலிலே தோன்றிய பிறபொருளெதிரிகள் காவல் நிற்கின்றன. டெங்குவில் இந்த விதி தலைகீழாகின்றது. டெங்கு வைரசு நான்கு வகைப்படும். முதலில் ஒரு வகையால் நோயுற்று எழுந்த பிள்ளைக்குப் பின்னொருகால் வேறொரு வகை தொற்றினால், இரண்டாவது நோய் முதலாவதிலும் கொடியதாகக் கூடும். இது எவ்வாறு நேர்கிறது?

நம் உடலிற் பெருந்தின் கலங்கள் என்று சில உள்ளன. பிறபொருளெதிரி ஒட்டிய எதனையும் பற்றி விழுங்கி அழிப்பது அவற்றின் தொழில். முதல் நோயில் உண்டான பிறபொருளெதிரி, இரண்டாவது வகை வைரசின் மீது ஒட்டுகிறது. ஆயின் அதனைச் செயலிழக்கச் செய்ய மாட்டாது. பெருந்தின் கலமோ, பிறபொருளெதிரியைக் கண்டதும் வாயிலைத் திறந்து இரண்டையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. காவலன் கையைப் பற்றிக்கொண்டு கள்வன் அரண்மனைக்குள் நுழைந்தாற்போல, வைரசு அக்கலத்தினுள்ளேயே பெருகுகின்றது. பீரிஸும் அவருடைய ஆசிரியரான ஜேம்ஸ் போட்டர்பீல்டும் டெங்குவின் குடும்பத்தைச் சேர்ந்த வைரசைக் கொண்டு இதனை ஆராய்ந்து 1979 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கலத்தின் அவ்வாயிலை அடைத்துவிட்டால் இப்பெருக்கமும் நின்றுவிடுகிறது என்பதனை 1981 ஆம் ஆண்டில் மேலும் சில துணைவரோடு சேர்ந்து காட்டினர்.

இஃது ஏட்டுச் சுரைக்காயன்று. பிலிப்பைன்ஸ் நாட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏற்றப்பட்டுவந்த ஒரு டெங்குத் தடுப்பூசி, முன்பு டெங்குவே காணாத பிள்ளைகளுக்குப் பின்னர் வரும் நோயைக் கடுமையாக்கக் கூடும் என்று 2017 ஆம் ஆண்டில் தெரியவந்து நிறுத்தப்பட்டது. டெங்குத் தடுப்பூசி செய்வோர் இவ்வாயிலை மறந்துவிட முடியாது. அதே 2017 ஆம் ஆண்டில் நம் நாட்டில் 186,000க்கு மேற்பட்டோர் டெங்குவுக்கு ஆளாயினர் என்பதையும் நேயர்கள் நினைவுகூரலாம்.

வயலும் பன்றியும் நுளம்பும்

ஆராய்ச்சிப் பட்டம் பெற்றதும் பீரிஸ் பேராதனைக்கே திரும்பினார். அங்கே அவருடைய பார்வை ஆய்வுகூடத்துச் சுவர்களைக் கடந்து வெளியே சென்றது. 1980களின் நடுப்பகுதியில் அனுராதபுரப் பகுதியில் யப்பானிய மூளைக் காய்ச்சல் தலைகாட்டியது. கடுங்காய்ச்சல், வலிப்பு, மயக்கம் ஆகியவற்றோடு வரும் இந்நோயிற் பலர் மாண்டனர். பிழைத்தோர் சிலருக்கு மூளைக் குறைபாடு வாழ்நாள் முழுதும் நிலைத்தது. 1987 ஆம் ஆண்டின் இறுதியில் மீண்டும் பெருவாரியாகப் பரவியது.

இந்நோய் மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவதன்று. ஆதலின் நோயாளியை எவ்வளவு உற்றுநோக்கினும் அது பரவும் வகை தெரியவராது. கொக்கு முதலிய நீர்ப்பறவைகள் இவ்வைரசைச் சுமக்கின்றன. பன்றியின் உடலில் அது பன்மடங்காகப் பெருகுகின்றது. பன்றியோ பெரும்பாலும் நோய்க்குறி எதுவுமின்றி நிற்கும். நெல் வயலில் தேங்கும் நீரிற் பிறக்கும் கியூலெக்ஸ் இன நுளம்பு பன்றியைக் கடித்துவிட்டு மனிதரைக் கடிக்கும்போது நோய் இடம் மாறுகின்றது. புதிய நீர்ப்பாசனமும் பன்றி வளர்ப்பும் ஒன்றுகூடிய இடங்களில் இம்மூன்றும் அருகருகே வந்து சேர்ந்தன. தனித்தனியே நோக்கின் வயலிற் குற்றமில்லை. பன்றி வளர்ப்பதிலும் குற்றமில்லை. ஏழைக் குடும்பத்துக்கு இரண்டும் வருவாய் தருவன. அவை சேர்ந்த சேர்க்கையே ஆபத்தாயிற்று.

பீரிஸும் அவர் துணைவர்களும் மனிதரையும் பன்றியையும் நுளம்பையும் ஒரே ஆராய்ச்சியின்கீழ்க் கொணர்ந்து, எந்த நுளம்பு வைரசைச் சுமக்கிறது, பன்றிகளிடையே தொற்று எவ்வாறு பரவுகிறது என்பவற்றை ஆய்ந்தனர். அவ்வாராய்ச்சி முடிவுகள் 1992, 1993 ஆம் ஆண்டுகளில் வெளியாயின. இந்நோய்க்கான தடுப்பூசித் திட்டம் 1988 ஆம் ஆண்டில் நம் நாட்டில் ஆரம்பிக்கப்பட்டது. மருத்துவர் ஒருவர் வயல் வரப்பிலும் பன்றிப் பட்டியிலும் கற்ற இப்பாடமே பின்னாளில் உலகுக்குப் பயன்படப் போகிறதென்று அன்று எவரும் எண்ணியிருக்க மாட்டார்.

1988 ஆம் ஆண்டில் பீரிஸ் இங்கிலாந்தில் நியூகாசில் நகரத்து வைத்தியசாலை ஒன்றுக்குப் பணியாற்றச் சென்றார். நாட்டின் சர்வகலாசாலைகள் கலவரங்களால் மூடிக்கிடந்த காலம் அது. பின்னர் 1995 ஆம் ஆண்டில் ஹொங்கொங் சர்வகலாசாலையிற் சேர்ந்தார்.

வாத்தின் குடலில் வாழ்வது

அவர் அங்கே சென்று இரண்டு ஆண்டுகள் ஆவதற்குள், 1997 ஆம் ஆண்டு மே மாதத்தில், மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் இன்புளுவென்சாவால் இறந்தான். அவனிடத்துக் காணப்பட்ட வைரசு, அதுவரை பறவைகளிடத்தே மட்டும் அறியப்பட்டிருந்த எச்5என்1 என்னும் வகையைச் சேர்ந்தது. அவ்வாண்டு முடிவதற்குள் மொத்தம் 18 பேர் நோயுற்று அவர்களில் 6 பேர் மாண்டனர். ஹொங்கொங் அரசாங்கம் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட கோழிகளைக் கொன்று புதைத்தது. நோய் நின்றது.

இங்கே நேயர்கள் ஒன்றை அறிதல் வேண்டும். மனிதருக்கு இன்புளுவென்சா மூச்சுறுப்புகளைத் தாக்கும் நோய். காட்டு வாத்துகளுக்கோ அவ்வைரசு குடலிலே குடியிருப்பது. வாத்து நோயுறுவதில்லை, நாடு விட்டு நாடு பறந்து, நீர்நிலைகளில் எச்சத்தோடு வைரசையும் விட்டுச் செல்கின்றது. அந்நீரிலிருந்து வளர்ப்பு வாத்துக்கும், அதனிடமிருந்து கோழிக்கும், சந்தைக் கூட்டிலே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட பறவைகளிடமிருந்து மனிதருக்கும் அது வந்து சேர்கிறது. ஓர் உயிரின் குடலில் தீங்கின்றி வாழும் நுண்ணுயிர் இன்னோர் உயிருக்கு நஞ்சாகலாம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

எச்5என்1 மனிதரை இத்துணைக் கொடிதாகத் தாக்குவது ஏன் என்று பீரிஸ் குழுவினர் ஆராய்ந்தனர். அவ்வைரசு புகுந்த பெருந்தின் கலங்கள், உடலைக் காக்கச் சுரக்கும் பொருள்களை அளவுக்கு மிஞ்சிச் சுரக்கின்றன என்று 2002 ஆம் ஆண்டில் அறிவித்தனர். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்னும் முதுமொழி உடலுக்குள்ளும் மெய்யாகின்றது. ஹொங்கொங்கின் கோழிச் சந்தைகளை மாதம் ஒருநாள் முற்றிலும் காலிசெய்து கழுவி ஓய்வு விடும் வழக்கம் 2001 ஆம் ஆண்டில் வந்தது. அந்த ஒருநாள் ஓய்வே சந்தைகளிற் சில பறவை வைரசுகளைக் குறைத்தது.

பெயரில்லாத நோய்

2003 ஆம் ஆண்டின் தொடக்கத்திலே தென்சீனத்துக் குவாங்டுங் மாகாணத்திற் காரணம் புரியாத நியூமோனியா ஒன்று பரவுவதாகச் செய்தி வந்தது. பெப்ரவரி மாதத்தில் ஹொங்கொங் குடும்பம் ஒன்றிலே எச்5என்1 காணப்பட்டிருந்தமையால், இதுவும் பறவைக் காய்ச்சலே என்ற ஐயம் இயல்பாகவே எழுந்தது. மார்ச் மாதத்தில் நோய் ஹொங்கொங் வைத்தியசாலைகளிற் புகுந்து, வைத்தியர்களையும் தாதியர்களையும் வீழ்த்தியது. ஆனால் சோதனைகளில் இன்புளுவென்சா அகப்படவில்லை. தெரிந்த வேறு கிருமிகளும் அகப்படவில்லை.

தேடிய பொருள் கிடைக்காதபோது, தேடும் முறையை மாற்றுவதே விவேகம். பீரிஸ் குழுவினர் நோயாளரிடமிருந்து பெற்றவற்றைப் பலவகைக் கலங்களில் இட்டு வளர்த்துப் பார்த்தனர். குரங்கின் சிறுநீரகத்திலிருந்து பெற்ற ஒருவகைக் கலத்தில் மட்டும் மாற்றம் தென்பட்டது. அவ்வாறு வளர்ந்த வைரசுதான் நோய்க்குக் காரணமா, அன்றித் தற்செயலாக வந்து சேர்ந்ததா? இதனை அறிய அவர்கள் நோயாளரின் குருதியையே சாட்சியாக அழைத்தனர். நோயின் தொடக்கத்தில் எடுத்த குருதியில் அவ்வைரசுக்கு எதிரான பிறபொருளெதிரி இல்லை; குணமாகி வரும்போது எடுத்த குருதியில் அது இருந்தது. அந்நோயாளர் அவ்வைரசை அண்மையிலேதான் எதிர்கொண்டனர் என்பது இதனால் உறுதியாயிற்று. வைரசின் இனத்தையும் கண்டனர். கொறோனா வைரசு! அதுவரை மனிதரிடத்து அறியப்பட்டிருந்த கொறோனா வைரசுகள் சாதாரண தடிமனை உண்டாக்குவனவாகவே கருதப்பட்டிருந்தன.

மார்ச் மாதம் 21 ஆம் நாளளவில் இது கண்டறியப்பட்டது. அமெரிக்க, ஜெர்மானிய ஆய்வுகூடங்களும் ஏறக்குறைய அதே வேளையில் அதே முடிவுக்கு வந்தன. ஹொங்கொங் ஆராய்ச்சியிற் சோதிக்கப்பட்ட 50 நோயாளரில் 45 பேரிடத்து இவ்வைரசின் தடயம் இருந்தது. ஒப்புநோக்கப்பட்ட ஏனையோரில் ஒருவரிடத்தும் இல்லை. நெதர்லாந்து விஞ்ஞானிகள் குரங்குகளில் வைரசைச் செலுத்தி நோயை உண்டாக்கிக் காட்டினர். ஏப்ரல் 16 ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம் சார்ஸ் நோயின் காரணம் இதுவே என்று உறுதிப்படுத்தியது. எயிட்ஸ் நோயின் காரணத்தைக் காண 1980களிற் சில ஆண்டுகள் சென்றன. சார்ஸின் காரணத்தைக் காணச் சில வாரங்களே சென்றன.

ஒரு குவளை நீரின் மதிப்பு

அத்தோடு கதை முடியவில்லை. அம்மார்ச் மாதத்திலேயே அமோய் கார்டன்ஸ் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் முந்நூறுக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். ஒருவரையொருவர் சந்தியாதவரும், வெவ்வேறு மாடிகளில் வாழ்ந்தவரும் எவ்வாறு ஒருசேர நோயுற்றனர்? அக்குடியிருப்பைச் சேர்ந்த 75 நோயாளரைப் பீரிஸும் துணைவர்களும் தொடர்ந்து கவனித்தபோது, அவர்களில் 55 பேருக்கு நீராய்ப் போகும் வயிற்றோட்டம் இருந்தது தெரியவந்தது. நோயின் இரண்டாம் வாரத்தில் அவர்களின் மலத்திலும் வைரசு மிகுதியாகக் காணப்பட்டது. நுரையீரல் நோய் என்று எண்ணிய ஒன்று குடலிலும் குடிகொண்டிருந்தது!

அதன்பின் கண்கள் கழிவுநீர்க் குழாய்களின் பக்கம் திரும்பின. மலசலகூடத்திலும் குளியலறைத் தரையிலும் உள்ள குழாய் வளைந்து செல்வதை நேயர்கள் கண்டிருப்பீர்கள். அவ்வளைவில் தங்கும் நீர், கீழேயுள்ள காற்று மேலே வராதபடி அடைத்து நிற்கிறது. நீரடைப்பு மலசலகூடம் என்று நாம் சொல்வதன் பொருள் இதுவே. அக்குடியிருப்பிற் பல வீடுகளின் குளியலறைத் தரைக்குழாய்கள் நெடுநாள் நீர் படாமல் வறண்டு கிடந்தன. காற்றை வெளியேற்றும் மின்விசிறி சுழன்றபோது, குழாயிலிருந்த மாசு படிந்த காற்று வீட்டுக்குள் இழுக்கப்பட்டது என்று ஆராய்ந்தோர் முடிவு செய்தனர். வாரந்தோறும் ஒரு குவளை நீரை அக்குழாயில் ஊற்றியிருப்பின் அவ்வாயில் அடைபட்டிருக்கும்.

வைரசு வந்த வழியையும் தேடினர். பீரிஸின் சக ஆராய்ச்சியாளர் குவான் யீ, சீனத்துச் சந்தையொன்றில் இறைச்சிக்காக விற்கப்பட்ட மரநாய்களிடத்து அதனையொத்த வைரசைக் கண்டார். மீண்டும் சந்தை, மீண்டும் விலங்கு, அனுராதபுரத்து வயலோரத்தில் கண்ட அதே பாடம். 2003 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் நோய் அடங்கிற்று. அதற்குள் உலகில் 8,000க்கு மேற்பட்டோர் நோயுற்று 774 பேர் மாண்டிருந்தனர். அதனை அடக்கியது மருந்தன்று, தடுப்பூசியுமன்று. காரணம் தெரிந்தமையால் நோயாளரை விரைவில் இனங்கண்டு பிரித்து வைக்க முடிந்தது. தாதியரும் வைத்தியரும் தம்முயிரைப் பணயம் வைத்துப் பணியாற்றினர். பதினேழு ஆண்டுகளின் பின் 2020 ஆம் ஆண்டில் அதே இனத்து வைரசொன்று உலகெங்கும் பரவியபோது, சார்ஸ் கற்பித்த பாடங்களை நாடுகள் எவ்வளவு மறந்திருந்தன என்பதை நாமெல்லாம் அனுபவித்தே அறிந்தோம்.

நமக்குரிய பாடம்

பீரிஸை இங்கிலாந்தின் றோயல் சொசைட்டி 2006 ஆம் ஆண்டில் தன் உறுப்பினராகத் தெரிந்தெடுத்தது. 2021 ஆம் ஆண்டில் கனடாவின் கெயார்ட்னர் உலக சுகாதார விருது அவருக்கும் குவான் யீக்கும் அளிக்கப்பட்டது. இவ்விருதுகளிலும் மேலானதாக நாம் மதிப்பது, அவருடைய பணியில் இழையோடும் ஒரு பழக்கத்தையே. நோயாளியைக் கண்டபின் அவர் பார்வை அங்கேயே நின்றுவிடவில்லை. பன்றிப் பட்டிக்கும் கோழிச் சந்தைக்கும் அது சென்றது.

விஞ்ஞானம் பயில விரும்பும் நம் மாணவர்களுக்கு ஒரு சொல். பெரிய ஆய்வுகூடமும் விலையுயர்ந்த கருவியும் அயல்நாட்டில்தான் உண்டு. நம் ஊரில் ஆராய என்ன இருக்கிறது என்று சோர்வோர் உளர். கருவி வேண்டும் என்பது மெய். ஆனால் வினா பிறக்கும் இடம் நம்மைச் சுற்றியே இருக்கின்றது. மகாவலியின் நீரும், தோட்டத்து லயன்களின் வடிகானும், சந்தைக் கழிவும், வயலில் எலியால் வரும் காய்ச்சலும் ஆராய்ச்சிக்கு உரியனவே. ஹொங்கொங்கில் உலகுக்குப் பயன்பட்ட பார்வை, நம் நாட்டு வயல்வரம்பிலே பதம் பெற்றது. இத்தகைய திறமை நம் மண்ணிலேயே தங்கி வளர ஆய்வுகூடங்களுக்கு வேண்டிய ஆதரவை அளிப்பது ஆள்வோர் கடன்.

பெற்றோருக்கும் ஒரு சொல். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் மருந்து கொடுங்கள், வைத்தியரிடம் காட்டுங்கள். அத்தோடு, அது எங்கிருந்து வந்தது என்றும் ஒருமுறை கேளுங்கள். கூரைப் பீலியிலே தேங்கிய நீரையும், கிணற்றருகே உள்ள மலக்குழியையும், கோழிக்கூட்டைத் தொட்ட கை சோற்றைத் தொடுவதையும் சென்று பாருங்கள். குளியலறைக் குழாயில் ஒரு குவளை நீரை ஊற்றுங்கள். அடுத்த பிள்ளை நோயுறாமற் காப்பது அந்தக் கேள்வியே.